பொத்தி வைத்த குரல்

முதல் முறை பார்த்தபோது அவரை ஊமை என்று நினைத்துவிட்டேன். பழவேற்காடு கடைத்தெருவில் எங்கள் வாப்பாவுக்கு வலைநூலும் கயிறும் மிதவையும் விற்கிற கடை. வாப்பா தொழுகைக்குப் போயிருந்தார். கல்லாவில் நான். நல்ல கத்திரி வெயிலில், கழுத்தில் கம்பளி மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். நைலான் நூல் கண்டைக் காட்டினார். இரண்டு விரலைச் சேர்த்து, இன்னும் கொஞ்சம் தடிமனாக வேண்டும் என்று சைகை காட்டினார். பாவம் வாய் பேசாதவர் என்று எனக்கு இரக்கம் பொங்கிவிட்டது. நானும் வாயை அகலமாகத் திறந்து, கையை ஆட்டி, ஒவ்வொரு எழுத்தாக, "எ... வ்... வ... ள... வு... வே... ணு... ம்?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் பொறுமையாக என் கூத்து முடியும்வரை காத்திருந்துவிட்டு, கல்லாமேல் குனிந்து, என் காதருகே சொன்னார்: "பாய், நான் செவுடு இல்ல."

அந்த நாலு வார்த்தையிலேயே நான் விழுந்துவிட்டேன். அப்படி ஒரு குரலை அதுவரை நான் ரேடியோவில்தான் கேட்டிருந்தேன். நூலுக்குக் காசு வாங்க மறந்து, அதற்காக வாப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏரிக்கரைக் குப்பங்களில் யாரும் மெதுவாகப் பேசிப் பார்க்க முடியாது. பேச்சைக் காற்று பாதி வழியிலேயே பறித்துக்கொண்டு போய்விடும். படகிலிருந்து படகுக்கும், படகிலிருந்து கரைக்கும் கூப்பாடுதான். அந்தப் பழக்கத்தில், பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுகிற பெண்டாட்டியிடம் உப்பு கேட்பதும் அதே தொண்டையில்தான். அப்படிப்பட்ட குப்பத்தில் பிறந்து, நைனா என்று அவர் கூப்பிட்ட அப்பாவோடு தினமும் வலைக்குப் போய்வந்துகொண்டு, இந்த மனுஷர் கத்தவே மாட்டேன் என்று இருந்தார். தண்ணீரில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் படகு தள்ளுகிற தாங்குகோலால் விளிம்பைத் தட்டுவார். கரையிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் துண்டை வீசுவார். ஒருநாள் தெருநாய் ஒன்று துரத்தியபோது "ச்சூ" என்றார். நாய்க்கே கேட்டிருக்காது.

"வலை கிழிஞ்சா உக்காந்து பின்னிக்கலாம் பாய். இது கிழிஞ்சா நூல் எங்க வாங்கறது? உங்க வாப்பா கடையில கெடைக்குமா?" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டுவார். கிடைக்காது என்று நானும் வியாபாரியின் பொறுப்போடு தலையாட்டுவேன்.

ஐஸ் தொடமாட்டார். தயிர், மாங்காய், பனங்கள் எதுவும் ஆகாது. மீன்குழம்பில் புளியும் மிளகாயும் இருக்கும் என்பதால், குழம்பிலிருந்து மீனை எடுத்து வெந்நீரில் கழுவித் தின்பார். "உலகத்துலயே மீனைச் சமைச்சப்புறம் குளிப்பாட்டுற ஆளு இவரு ஒருத்தருதான்" என்பார் அண்ணி, அதாவது அவர் மனைவி. அண்ணியின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடையில் இறால் வைத்து விற்பவர். எங்கள் கடைத்தெருவின் ஒரு முனையில் "எறா, எறா" என்று ஆரம்பித்தால் மறுமுனையில் பூனைகள் எழுந்து உட்காரும். கணவருக்கும் சேர்த்து அவர்தான் பேசினார். இவர் அண்ணியின் காதில் ஏதோ முணுமுணுப்பார். அண்ணி நிமிர்ந்து ஊருக்குச் சொல்வார்: "அவரு இன்னா சொல்றாருன்னா, போவட்டும் உடுன்றாரு. ஆனா நான் இன்னா சொல்றேன்னா..." அதற்குப் பிறகு வருவதுதான் நீளமாக இருக்கும்.

அவர் குரலைப் பொத்திப் பொத்தி வைத்தது பாடுவதற்காக. பாடுவதற்கு மேடை வேண்டும். அந்த மேடையை அமைத்துக் கொடுத்த மகானுபாவன் நான். அதுவரை புல்புல்தாரா தட்டிக்கொண்டிருந்தவன், மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய கிட்டார் வாங்கி வந்தேன். அதில் ஆறு தந்தி. எனக்குப் பழக்கம் மூன்றோடுதான். மற்ற மூன்றும் பார்வைக்கு. "கயிறு விக்கிறவன் மவன் கம்பியக் கட்டிக்கினு அழுவுறான்" என்றார் வாப்பா. பொன்னேரியிலிருந்து ஒருவர் ட்ரம்ஸ் வாசிக்க வந்தார். ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் என்னுடையவை என்பதால் குழுவின் தலைவர், அறிவிப்பாளர், கிட்டாரிஸ்ட் மூன்றும் நானே. பெல்பாட்டம் போட்டுக்கொண்டு படகுத்துறைச் சேற்றில் இறங்கி, முழங்கால்வரை சேறோடு மேடையேறிய தலைவரை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் திருவிழா, வேளாங்கண்ணி மாதா கொடியேற்றம், யார் வீட்டுக் கல்யாணமானாலும் நாங்கள்தான். மஃப்ளரைக் கழற்றி என் கிட்டார் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு அவர் மைக் முன்னால் நிற்பார். கண்ணை மூடுவார். மெதுவான பாட்டு மட்டும்தான் பாடுவார். பிரிவு, தாய், திரும்பி வராத படகு, இப்படி. கையை ஆட்டமாட்டார், காலால் தாளம் போடமாட்டார், நட்ட கம்பம் மாதிரி நிற்பார். குரல் மட்டும் எங்கேயோ போய்விட்டு வரும். வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த பெண்கள் தோலை உரிப்பதை நிறுத்திவிடுவார்கள். நான் பக்கத்தில் நின்று மூன்று தந்தியையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருப்பேன். அழுகிறவர்களில் பாதிப் பேர் என் வாசிப்புக்கு அழுகிறார்கள் என்றே அப்போது நம்பினேன்.

பையன்கள் விடமாட்டார்கள். விசில் அடித்து, ஆட்டம் போடுகிற பாட்டு கேட்பார்கள். "அது தொண்டைக்கு ஆவாது" என்று என் காதில் சொல்லிவிட்டு அவர் போய் உட்கார்ந்து பனங்கற்கண்டு வாயில் போட்டுக்கொள்வார். அந்த இடத்தை நிரப்ப நான் பாடுவேன். கூட்டம் மண்ணை வாரி வீசும். வீட்டுக்குப் போய் பெல்பாட்டத்தின் மடிப்பை உதறினால் உம்மா கோழிக்குத் தூவுகிற அளவு மணல் சேரும்.

அவருக்கு வாய்ப்பு வந்தது எழுபதுகளின் கடைசியில். பொன்னேரியில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர் மெட்ராஸில் சினிமாப் பாட்டுக்கு வயலின் வாசிப்பவர். சாப்பிட்ட இலையை மூடாமல் எழுந்து வந்து மேடை ஓரம் நின்று கேட்டார். கச்சேரி முடிந்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க மாஸ்டர் ஒரு புதுக் குரல் தேடிக்கிட்டிருக்கார். மெதுவான பாட்டு. அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவுக்கு வாங்க. அவர் முன்னால நாலு வரி பாடுங்க, போதும்" என்றார். என் கிட்டாரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் கவனிக்கத் தவறியிருப்பார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து காதில் முணுமுணுப்பதும் நின்றது. முழு மௌனம். அண்ணி அவர் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். குப்பத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தண்ணீரில் யாராவது அவரை நெருங்கினால், "பேச்சுக் குடுக்காதீங்கடா, அவரு பட்டணத்துக்குப் போறாரு" என்று மற்றவர்களே தடுத்தார்கள். அந்த மாதம் ஏரிக்கரையில் எல்லோருமே கொஞ்சம் மெதுவாகப் பேசினார்கள் என்பது என் நினைப்பு. என் நினைப்பை நம்ப வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்த செவ்வாயன்று முறைக்கூட்டம் என்று சொன்னார்கள். ஏரியில் எல்லாத் தண்ணீரும் ஒன்றில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நிறைய விழும். மற்ற இடங்களில் வலைக்குப் பாசிதான் வரும். அதனால் நல்ல தண்ணீரில் வலை கட்டுவதைக் குடும்பங்கள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை கூடி யார் யாருக்கு முறை என்று முடிவு செய்வார்கள். பெரியவர் குடும்பத் தலைவனின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் தன் இடத்தில் நின்றபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வரவில்லையென்றால் அந்த வருஷம் அவனுக்கு முறை கிடையாது. முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும்போது ஒருவனுக்கு ஒருவன் குரல்தான் துணை. குரல் கொடுக்காதவனை நம்பி அடுத்த வலைக்காரன் இறங்க முடியாது. அதுதான் அந்த ஏற்பாட்டின் நியாயம். அதுவரை அந்தக் குடும்பத்துக்கு நைனா குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மாசியில் நைனா இறந்துபோனார். இனி இவர்தான் கொடுக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒத்திகைக்காக நான் குப்பத்துக்குப் போயிருந்தேன். அண்ணி கூட்டத்துக்குக் கிளம்பிய கணவரின் மஃப்ளரை இறுக்கிக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறக்காத. ஒரு வருச மொற போனா போவுது. இன்னொரு கூடை சேத்துத் தூக்குனா ஆச்சி. நீ பட்டணம் போ" என்றார்.

அவர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். என் தலையாட்டலை யாரும் கேட்கவில்லை.

கூட்டம் மணல் திட்டில். ஆண்கள் பெரிய வட்டமாக நின்றார்கள். பெண்கள் வட்டத்துக்கு வெளியே, பூவரச மரத்தடியில். வெளியூர்க்காரனான என்னையும் பெண்களோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். பெல்பாட்டமும் கிட்டாருமாக அங்கே நின்றேன். ஒரு பெண் தன் குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும்படி என்னிடம் கொடுத்தார். அது என் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது.

அவர் பெயர் வந்தது. பெரியவர் கூப்பிட்டார். இவர் கையைத் தூக்கினார்.

"கை வேணாம்பா. கொரலு குடு" என்றார் பெரியவர்.

இரண்டாம் தடவை கூப்பிட்டார். இவர் இரண்டு கையையும் தூக்கினார்.

"நிக்கிறாரு தெரியல? கண்ணு இல்ல?" என்று என் பக்கத்திலிருந்து அண்ணி போட்ட போட்டில் என் கையிலிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது.

"உன் கொரலு சூலூர்பேட்டைக்கே கேக்குது தாயி. எனக்கு வேண்டியது அவன் கொரலு" என்றார் பெரியவர். கூட்டம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. அவருக்கும் இவர் பாட்டு பிடிக்கும். மூன்றாம் தடவை கூப்பிடுவதற்குமுன் வேண்டுமென்றே வெற்றிலையை எடுத்து மடித்து நேரம் கடத்தினார். இவர் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மூன்றாம் தடவை பெயர் வந்தது.

"இருக்கேன்!"

பிறந்ததிலிருந்து கத்தாத ஒருவருக்கு எப்படிக் கத்துவது என்று தெரிந்திருக்கவில்லை. அளவு வைக்காமல், மொத்தத்தையும் ஒரே வீச்சில் போட்டுவிட்டார். முதல் பாதிவரை அது அவர் குரல். அதற்குப் பிறகு, பழைய பாயைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பெரியவர் முறையைக் கொடுத்தார். முகத்துவாரத்துத் தண்ணீர், நல்ல தண்ணீர். நான் குழந்தையோடு ஓடிப்போய் அவரைப் பார்த்தபோது உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

பொன்னேரி டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள ரத்தம் கட்டியிருக்கு. கொஞ்ச காலம் வாயே திறக்கக் கூடாது" என்றார்.

"அதத்தான டாக்டரு பொறந்ததுலேந்து செஞ்சிக்கினு இருந்தாரு" என்றார் அண்ணி.

வெள்ளிக்கிழமை போகவேண்டாம் என்று இவர் கையை ஆட்டினார். நான் விடவில்லை. மாத்திரை வேலை செய்யும், வெந்நீர் வேலை செய்யும், என் கிட்டார் வேலை செய்யும் என்று இழுத்துக்கொண்டு போனேன். ஸ்டூடியோவில் மாஸ்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார். இவர் இரண்டு வரி பாடினார். இரண்டாவது வரி பாதியில் காற்றாகிவிட்டது. வயலின்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டர் வெளியே வந்து, ரொம்ப மரியாதையாக, "தொண்டை கட்டியிருக்கு. சரியானதும் வாங்க, கேப்போம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கிட்டாரைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்காததற்கும் சேர்த்து அழுதேன்.

திரும்பும்போது ரயில் மீஞ்சூரில் நின்றது. பிளாட்பாரத்தில் ஒருவன் சேமியா ஐஸ் விற்றுக்கொண்டிருந்தான். இவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கினார். வாழ்க்கையில் ஐஸே தொடாத மனுஷர். நான் தடுக்கப் போனேன். எனக்கும் ஒன்று வாங்கிக் கையில் திணித்தார். அதைச் சப்பித் தின்றுவிட்டு, அனுப்பம்பட்டு தாண்டுவதற்குள் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கிப்போனார். துக்கத்தில் மனுஷன் இப்படியும் ஆவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவருக்காக நான் விழித்திருந்து ஐஸை உருகவிட்டு என் சட்டையைக் கறையாக்கிக்கொண்டேன்.

அந்தக் குரல் திரும்பி வரவில்லை. வேறொன்று வந்தது. கரகரவென்று, இரண்டு குரல் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி. ஒரு வருஷம் அவர் மேடைப் பக்கம் வரவில்லை. முறைத் தண்ணீரில் வலை கட்டினார். அவர் வீட்டுக்குக் கூரை மாறியது. நான் குழுவை நடத்திக்கொண்டிருந்தேன் என்றால், மணலை வாங்கிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம்.

ஒரு மாதா திருவிழாவில் நான் வேகப் பாட்டு பாடி வழக்கம்போல மண் விழுந்துகொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து அவர் ஏறி வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். அதே பாட்டை அந்தக் கிழிந்த குரலில் விட்டார் பாருங்கள். வீசப் போன மண்ணைப் பையன்கள் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டு ஆடினார்கள். எண்பதுகள் பிறந்து, டிஸ்கோ, கலர் விளக்கு, எலக்ட்ரிக் கிட்டார் என்று எல்லாம் வந்துகொண்டிருந்த நேரம். இந்தக் குரலுக்கு இந்தக் காலம் காத்திருந்த மாதிரி ஆகிவிட்டது. பளபளச் சட்டையோடு மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுவார். மைக் ஒயரைச் சுழற்றுவார். ஆந்திரா பக்கத்துக் குப்பங்களில் தெலுங்கிலும் பாடினார். அர்த்தம் தெரியாத வரிகளில்தான் இன்னும் நன்றாகக் கத்தினார். கழுவாத மீன் தின்றார், தயிர் குடித்தார். தண்ணீரில் இருந்தபடி என் கடைக்கு, "பாய், ரெண்டு கண்டு நூலு எடுத்து வை" என்று குரல் கொடுப்பார். மெதுவாகப் பேசுவது அவருக்கு மறந்தேபோய்விட்டது. மெதுவான பாட்டு மட்டும் பாடுவதில்லை. யாராவது கேட்டால், "அது போச்சி" என்பார்.

அவர் கதையை நான் சும்மா விடவில்லை. அறிவிப்பாளன் அல்லவா. ஒவ்வொரு கச்சேரியிலும் அவரை மேடைக்கு அழைக்குமுன் ஒரு பேச்சு வைத்திருந்தேன். "பட்டணமா, குடும்பமா என்ற கேள்வி வந்தபோது, பெற்ற தகப்பனின் தண்ணீரைக் காப்பாற்றத் தன் தங்கக் குரலையே காணிக்கையாகக் கொடுத்த தியாகி..." என்று ஆரம்பிப்பேன். வருஷத்துக்கு வருஷம் அது வளர்ந்தது. கூட்டத்தன்று மழை பெய்ததாகச் சேர்த்தேன். அவர் "இருக்கேன்" என்றதும் ஏரியிலிருந்த பறவையெல்லாம் எழும்பிப் பறந்ததாகச் சேர்த்தேன். என் கையிலிருந்த குழந்தையை அவருடைய குழந்தையாக்கிப் பசியால் அழவைத்தேன். பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். மேடைக்குப் பின்னால் அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். என் பேச்சில் நானே உருகிப்போய் இரண்டு தடவை பாட்டின் பேரைச் சொல்ல மறந்திருக்கிறேன்.

அண்ணியின் தாய்வீடு இருந்த தீவுக் குப்பத்தில் ஒரு திருவிழா. மத்தியானம் படகில் போய்க்கொண்டிருந்தோம். அண்ணி முன்படகில் போய்விட்டார். இந்தப் படகில் ஸ்பீக்கர் பெட்டிகள், ட்ரம்ஸ், அவர், நான், கோல் போடுகிற ஆள். நான் வாய்க்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு இடியும் சேர்ப்பதாகத் திட்டம்.

"பாய், அந்தப் பேச்ச உட்டுரு" என்றார்.

"எந்தப் பேச்சுண்ணா?"

"அதான், தண்ணிக்காகத் தொண்டையக் குடுத்தவருன்னு ஒண்ணு உடுவியே."

"ஜனங்க அழுவுறாங்கண்ணா."

"அதனாலதான் உட்டுருன்றேன். நான் தண்ணிக்காகக் கத்தல."

ரகசியத்தையும் அவர் கத்தித்தான் சொன்னார். கோல் போடுகிற ஆள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டார்.

"பயம் பாய். பட்டணத்துக்குப் போவ பயமா இருந்துச்சி. அந்த மாஸ்டர் முன்னால நல்ல தொண்டையில நின்னு பாடி, அவரு வேணாம்னுட்டா? அப்பால நான் யாரு? இத்தினி வருசம் பொத்திப் பொத்தி வச்சது இன்னாத்துக்கு? ராவெல்லாம் தூக்கமில்ல. மூணாவது தபா என் பேரு வருது. கத்திட்டா தீந்துச்சின்னு தோணிச்சி. தொண்டை போயிடிச்சி, அதான் எடுக்கலன்னு ஆயிடும். என்னை யாரும் வேணாம்னு சொன்னதா இருக்காது. கத்திட்டேன்."

இத்தனை வருஷப் பேச்சும் மழையும் பறவையும் குழந்தையும் படகிலிருந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுவது மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் ஒரு மனுஷன் கேட்கவேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. "அப்ப நான் மேடையில இன்னாண்ணா பேசறது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "பாட்டு பேரச் சொல்லு, போதும்."

கொஞ்ச தூரம் போனபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. "அண்ணிக்குத் தெரியுமாண்ணா?"

"அவதான் எனக்கே சொன்னா. அன்னிக்கு ஊட்டுக்குப் போனதும் கேட்டா, போவ பயமா இருந்தா போவாம இருந்திருக்கலாமே, அதுக்கு ஏன்யா தொண்டையக் கிழிச்சிக்கினேன்னு. அது வரைக்கும் நானும் தண்ணிக்காகன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன்."

படகு தரை தட்டியது. இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு மொதல்ல அந்தப் பாட்டு" என்றார். எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். ஸ்டூடியோவில் இரண்டாவது வரியில் நின்றுபோன பாட்டு.

"பசங்க மண்ணு வாருவானுங்கண்ணா."

"வாரட்டும்."

பொழுது சாய்ந்ததும் கச்சேரி ஆரம்பித்தது. மைக் முன்னால் நின்றேன். பேச்சு இல்லாமல் மைக் முன்னால் நிற்பது அதுதான் முதல் தடவை, என்னை யாரோ சட்டையில்லாமல் நிறுத்தியது மாதிரி கூச்சமாக இருந்தது. பாட்டின் பேரைச் சொல்லிவிட்டு ஒதுங்கினேன். அவர் ஓடவில்லை. ஒயரைச் சுழற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கிழிந்த குரலில் மெதுவாக ஆரம்பித்தார். பையன்கள் விசில் அடித்தார்கள், பிறகு மண்ணை வாரினார்கள். சட்டைமேல் விழுந்ததை அவர் தட்டிவிடவில்லை. இரண்டாவது வரியில் குரல் அதே இடத்தில் உடைந்தது. மறைக்காமல், அந்த உடைசலிலேயே ஒரு மூச்சு நின்று, கீழே இறங்கி, அங்கிருந்து மேலே கொண்டுபோனார். முழுப்பாட்டையும் பாடினார். கூட்டத்தில் பாதி டீ குடிக்கப் போயிருந்தது. மீதிப் பாதி சும்மா உட்கார்ந்திருந்தது. யாரும் கைதட்டவில்லை. நன்றாக இருந்ததா என்று என்னைக் கேட்டால், எனக்குப் பாட்டு தெரியாது. என் கை தந்தியிலேயே நின்றுபோயிருந்தது என்பது மட்டும் தெரியும்.

அவர் மேடையிலிருந்து இறங்கி நேராக அண்ணியிடம் போனார். ஒயர் சிக்கலைப் பிரிக்க நானும் பின்னால் போயிருந்தேன்.

"எப்டி இருந்திச்சி?" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அண்ணி முந்தானையை எடுத்து அவர் சட்டையிலும் முடியிலும் இருந்த மணலைத் தட்டிவிட்டார். தட்டி முடித்தபிறகு, நான் அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

"பயப்படாமயே போயிருக்கலாம்யா நீ."